காற்றை எதிர்த்துத் திரும்பி வருமா? பாய்ப்படகு வாங்குமுன் செய்ய வேண்டிய கடலோட்டம்

கேள்வி: "நான் இரணைமாதாநகரைச் சேர்ந்தவன். நாச்சிக்குடாவில் ஒருவரிடம் பதினெட்டரை அடி பைபர் படகொன்று விலைக்கு இருக்கிறது. அதில் பாய்மரம், பாய், பக்கப்பலகை எல்லாம் பொருத்தியிருக்கிறார். நண்டுவலைத் தொழிலுக்கும் இரணைதீவுக்குப் போய்வரவும் வாங்கலாம் என்று யோசிக்கிறேன். மண்ணெண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகவில்லை. சிறிய எஞ்சின் ஒன்றைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். கரையில் பார்த்த அளவில் படகில் குறை தெரியவில்லை. ஒரு நாள் காலையில் வந்தால் ஓடிக் காட்டுவதாக விற்பவர் சொல்கிறார். அன்று நான் எவற்றைக் கவனிக்க வேண்டும்?"

பதில்: 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்களை மறக்காத எவருக்கும் உங்கள் யோசனையின் நியாயம் புரியும். ஆனால் அந்தக் காலை ஓட்டத்தை மட்டும் நம்பி விலை பேசிவிடாதீர்கள். உங்கள் கரை மேற்கு நோக்கியது. பருவக்காற்று ஓய்ந்திருக்கும் மாதங்களில் விடியற்புறத்தில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும். நிலம் சூடேறிய பின் கடற்காற்று எழுந்து கரையை நோக்கித் திரும்பும். பாய் மட்டுமே இருந்த காலத்தில் விடியமுன் கடலுக்குப் போய்ப் பின்னேரம் கரைக்கு வந்தவர்கள் இந்த ஒழுங்கை அறிந்தே தொழில் செய்தார்கள். இந்த ஒழுங்கில் ஓடினால் போகும்போதும் வரும்போதும் காற்று முதுகுப்பக்கம்தான் இருக்கும். முதுகுக் காற்றில் ஒரு தறப்பாளைக் கம்பில் கட்டிப் பிடித்தாலும் படகு ஓடும். ஆகவே அந்த ஓட்டம் படகைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லாது.

உங்கள் வழித்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோழகம் வீசும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை, காற்றுத் தென்மேற்கிலிருந்து வருவதால் தீவுக்குப் போவது கடினம், திரும்புவது இலகு. வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது போவது இலகு, களைத்துப்போய்ச் சுமையுடன் வீட்டுக்குத் திரும்புவதே கடினம். இவற்றில் ஆபத்தானது இரண்டாவது. எனவே நீங்கள் பணம் கொடுக்குமுன் உறுதிப்படுத்த வேண்டிய முதன்மையான விடயம், நீங்கள் ஏற்றப்போகும் சுமையுடன் இந்தப் படகு காற்றை எதிர்த்து ஏறி வருமா என்பதே. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் கரைகளில் உள்ள பதினெட்டரை அடி பைபர் படகு எஞ்சினுக்காக வார்க்கப்பட்டது. அதன் அடிப்பாகம் பின்னோக்கிச் செல்லச் செல்லத் தட்டையாகிவிடும். அடியில் நீளவாக்கில் நீட்டி நின்று நீரைப் பிடிக்கும் ஏராக்கட்டை அதற்குக் கிடையாது. அதில் பாயை ஏற்றினால் காற்று படகை முன்னே தள்ளுவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் தள்ளும். அதைத் தடுப்பது நீருக்குள் இறங்கும் பக்கப்பலகை ஒன்றுதான். பாக்கு விரிகுடாவில் உங்கள் பக்கம் கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாத கடல் என்பதால் அந்தப் பலகையும் சுக்கானும் தரை தட்டும் இடத்தில் மேலே தூக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். மீண்டும் இறக்கியதும் தானாக மிதந்து மேலே வராமல் உறுதியாக நிற்கவும் வேண்டும். கடல்தாவரமான சாதாழை அடர்ந்த இடத்தில் ஒருமுறை ஓட்டி, சுக்கானில் அது சுற்றிக்கொண்டால் படகில் இருந்தபடியே எடுத்துவிட முடிகிறதா என்றும் பாருங்கள்.

கடலோட்டத்துக்குக் காற்று மணித்தியாலத்துக்கு 15 முதல் 22 கிலோமீற்றர் வரை வீசும் ஒரு பின்னேரத்தைக் கேளுங்கள். கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரை தோன்றும் அளவு அது. அதற்குக் குறைந்த காற்றில் குறைகள் வெளிப்படமாட்டா. அதற்கு மேற்பட்ட காற்றில் பழகாத படகைச் சோதிப்பது அறிவுடைமையன்று. வளிமண்டலவியல் திணைக்களம் மன்னார், காங்கேசன்துறைக் கடற்பரப்புக்கு வெளியிடும் அன்றைய அறிவித்தலைப் பார்த்துவிட்டே இறங்குங்கள். எஞ்சின் பூட்டிய இன்னொரு படகு கூப்பிடு தூரத்தில் நிற்க வேண்டும், படகில் இருக்கும் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சுமைக்கு மணல் மூட்டை ஏற்றுவது பலரின் வழக்கம். அதைத் தவிர்த்து, இருபது லீற்றர் கலன்கள் பத்தில் கடல்நீரை நிரப்பி, வலையும் ஐஸ்பெட்டியும் வைக்கும் இடங்களில் அசையாமல் கட்டுங்கள். அது சுமார் 200 கிலோ பாரம். படகு தற்செயலாக நீர் நிறைந்து தாழ்ந்தாலும் கடல்நீர்க் கலன்கள் நீருக்குள் ஏறத்தாழப் பாரமற்றவையாகிவிடும். மணல் அப்படியல்ல, படகையும் சேர்த்து அடிக்கு இழுத்துவிடும்.

இறக்குமுன் இரண்டு வேலைகள். படகினுள் அடியில் நிற்கும் நீரை இறைத்து, துணியால் ஒற்றி, முற்றாக உலர்த்திவிடுங்கள். அடுத்து, பாய்மரம் குறுக்குப் பலகையைக் கடந்து இறங்கும் இடத்தையும், அதன் கால் ஊன்றியிருக்கும் அடித்தட்டையும் முழந்தாளிட்டு நன்றாகப் பாருங்கள். எஞ்சினுக்கென வார்த்த படகில் பின்னர் பாய்மரம் நட்டிருந்தால் முதலில் நோவது அந்த இடம்தான். ஆணித்துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தால் பதற வேண்டாம், விற்பவரிடம் வாதிடவும் வேண்டாம். ஒவ்வொரு வெடிப்பும் முடியும் நுனியில் அதற்குக் குறுக்கே பென்சிலால் ஒரு சிறு கோடு இழுத்து வையுங்கள். ஓடித் திரும்பியதும் அதே இடத்தைப் பாருங்கள். வெடிப்புக் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால், அது பழைய கீறல் அல்ல, ஒவ்வொரு காற்றிலும் வளர்ந்துகொண்டிருக்கும் முறிவு. அந்தப் படகை அந்த நிலையில் வாங்கக்கூடாது.

பாயைப் பொறுத்தவரை, தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். வெயிலில் வெந்த நூல் அங்கேயே விட்டுப்போகும். தறப்பாளில் தைத்த பாய் விரைவில் இழுபட்டுத் தொய்ந்து, தன் வயிற்றைப் பின்னோக்கித் தள்ளிவிடும். அப்படிப்பட்ட பாய் முதுகுக் காற்றில் நன்றாகவே இழுக்கும், எதிர்க்காற்றில் மோசமாக நடக்கும். புதுப் பாய் தைக்கும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். பாய்க்காக மட்டும் நல்ல படகைக் கைவிட வேண்டியதில்லை.

இப்போது கடலுக்கு வருவோம். முதலில் விற்பவரே சுக்கான் பிடிக்கட்டும். படகை அவர் எப்படிக் கையாளுகிறார், எதைச் செய்யத் தயங்குகிறார் என்று பார்த்திருந்துவிட்டுப் பிறகு சுக்கானை நீங்கள் பிடியுங்கள். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானை இறுக்கி, பாய் படபடக்காமல் நிற்கும் அளவுக்குப் படகின் முன்பக்கமான அணியத்தைக் காற்றை நோக்கி ஏற்றி, ஒரு பக்கமாகச் சுமார் அரைக் கிலோமீற்றர் ஓடுங்கள். பிறகு திருப்பி மறுபக்கமாக அதே அளவு ஓடுங்கள். கைபேசியிலோ கையடக்கச் செய்மதி வழிகாட்டிக் கருவியிலோ படகு சென்ற தடத்தைப் பதிவு செய்யுங்கள். அணியம் எங்கே பார்க்கிறது என்பது முக்கியமல்ல, படகு உண்மையில் எங்கே போனது என்பதே கணக்கு. பாய்ப்படகு இப்படி இரு பக்கமும் மாறி மாறிச் சரிந்து ஓடித்தான் காற்றை எதிர்த்து ஏற முடியும் என்பதால், அந்த இரண்டு தடங்களுக்கும் இடையிலுள்ள கோணம்தான் இந்தப் படகின் தகுதி.

அந்தக் கோணம் 90 பாகையாக இருந்தால், காற்று வரும் திசையில் 5 கிலோமீற்றர் முன்னேறச் சுமார் 7 கிலோமீற்றர் ஓட வேண்டும். 120 பாகையாக இருந்தால் 10 கிலோமீற்றர். 140 ஆகிவிட்டால் ஏறக்குறைய 15 கிலோமீற்றர். மணித்தியாலத்துக்கு 5 கிலோமீற்றர் செல்லும் படகுக்கு அது மூன்று மணித்தியால வேலை, அதுவும் நீரோட்டம் பாதகமில்லாதபோது. பக்கப்பலகை பூட்டிய பைபர் படகிலிருந்து 90ஐ எதிர்பார்க்க முடியாது. 110க்கும் 120க்கும் இடையில் வந்தால் அது உங்கள் தொழிலுக்குப் போதும் என்பது என் மதிப்பீடு. 130ஐத் தாண்டினால், அதை எஞ்சின் படகாகவே கருதி அந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். கருவி கையில் இல்லாவிட்டால், பின்பக்கம் நீரில் விழும் தடத்தைப் பாருங்கள்: அது படகின் நேர்கோட்டில் இல்லாமல் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் படகு வழுக்குகிறது, சாய்வு கூடக் கூட வழுக்கலும் கூடுதல்.

இதே ஓட்டத்தில் சுக்கானை ஒரு கணம் கைவிட்டுப் பாருங்கள். நல்ல படகு மெல்ல அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பி, பாய் படபடக்க, வேகம் தணிந்து நிற்கும். தனியாளாகத் தொழிலுக்குப் போய் நீரில் விழுந்தவரைப் படகு விட்டுவிட்டு ஓடாமல் காப்பது இந்தக் குணம். சுக்கானை விட்டதும் அணியம் காற்றுக்கு விலகி, படகு வேகம் பிடித்து ஓடினால் அது கேடான குணம். ஆனால் உடனே நிராகரித்துவிடாதீர்கள்: பின்பக்கத்தில் பாரம் அதிகமாக இருந்தாலும் இப்படி நடக்கும். எஞ்சினைத் தூக்கி நடுவில் கிடத்தி, கலன்களை முன்னே நகர்த்தி, மீண்டும் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் பாய்மரத்தைச் சற்றுப் பின்னே சாய்ப்பது அல்லது பக்கப்பலகையை முன்னே நகர்த்துவது தேவைப்படும். இரண்டும் செய்யக்கூடிய வேலைகள்தான். இதற்கு மாறாக, சுக்கானைப் பிடித்திருக்கவே தோள் வலிக்கும் அளவுக்குப் படகு காற்றை நோக்கி இழுத்தால், பலகையைப் பின்னே நகர்த்த வேண்டும்.

திருப்பும்போது அணியம் நேரே காற்றைப் பார்த்தபடி நின்று, படகு பின்வாங்குகிறதா என்று கவனியுங்கள். ஒருமுறை நடந்தால் ஓட்டியின் கை. ஒவ்வொரு முறையும் நடந்தால் படகின் குறை. முதுகுக் காற்றில் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்து மாறும் தருணத்தில் பாய்மரக் காலில் முறுகல் ஒலி எழுகிறதா என்று காது கொடுங்கள். பாயை இறக்கச் சொல்லுங்கள்: கயிற்றை விட்டதும் அது தடங்கலின்றி விழ வேண்டும். மழைக்காற்று திடீரெனப் பிடிக்கும்போது கப்பியில் சிக்கி நிற்கும் பாய் உயிருக்கு ஆபத்து. சவள் எனும் துடுப்பால் வலித்துப் பார்ப்பதும் எஞ்சினைப் பூட்டி ஓடிப் பார்ப்பதும் சிறிது நேர வேலை, எஞ்சின் பூட்டும் பின்பலகை அப்போது அசைகிறதா என்பதை மட்டும் தொட்டுப் பாருங்கள்; அதனுள் இருக்கும் ஒட்டுப்பலகை உக்கியிருந்தால் கையில் தெரியும்.

கரைக்கு வந்ததும், உலர்த்திவிட்டுப் போன அடிப்பகுதியில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். அலை தெறித்தது என்று விற்பவர் சொன்னால், துடைத்துவிட்டு, பாரத்துடன் படகை ஒரு மணித்தியாலம் அமைதியான நீரில் கட்டி வையுங்கள். அப்போது வரும் நீருக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

இறுதியாக, பலர் செய்யத் தயங்கும், ஆனால் நான் கட்டாயம் என்று கருதும் ஒன்று. மரவள்ளம் நீர் நிறைந்தாலும் மிதக்கும். பைபர் எனும் கண்ணாடி இழை நீரைவிடப் பாரமானது. இருக்கைகளுக்கு அடியில் அடைத்த மிதவைப் பெட்டிகள் இல்லாவிட்டால் பைபர் படகு அடிக்குப் போய்விடும். பாய்ப்படகு கவிழக்கூடியது என்பதால் இது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். எஞ்சினையும் கலன்களையும் இறக்கிவிட்டு, நெஞ்சளவு நீரில் படகைச் சாய்த்து நீர் நிரப்புங்கள். விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலேயோ அதை ஒட்டியோ நிற்க, இருவர் பிடித்துத் தொங்கவும் தாழாமல், ஒருவர் உள்ளே ஏறி வாளியால் இறைக்க முடிய வேண்டும். ஒரு முனை தாழ்ந்து மறுமுனை எழும்பினால் தாழ்ந்த பக்கத்துப் பெட்டி ஓட்டை, அல்லது உள்ளிருக்கும் பஞ்சு நீரை உறிஞ்சிவிட்டது.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இதை வாசிப்போருக்கு ஒரு சொல். உங்கள் கரை கிழக்கு நோக்கியது. சோழகமும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் உங்களைக் கரையிலிருந்து திறந்த கடலுக்குத் தள்ளும். கரையோரம் அமைதியாகத் தெரிவதை நம்பி அந்த மாதங்களில் புதுப் படகைக் கடலில் சோதிக்க வேண்டாம். முதல் ஓட்டத்தை நந்திக்கடல் களப்பிலோ நாயாற்றுக் களப்பிலோ நீர் போதுமான இடத்தில் செய்யுங்கள்.

பணத்தைப் பற்றி: முற்பணம் கொடுப்பதானால், கடலோட்டத்தில் திருப்தி ஏற்படாவிட்டால் திருப்பித் தரப்படும் என்றும், ஓட்டத்தின்போது சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்றும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் சாட்சியாக இருப்பது நல்லது. படகில் எழுதியிருக்கும் பதிவு இலக்கமும் பதிவுப் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றா, பத்திரத்திலுள்ள பெயர் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள். மிகுதிப் பணத்தை, உங்கள் மாவட்டக் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தில் அவர் கையொப்பமிடும் அன்று அங்கேயே கொடுங்கள்.