காக்கி அணியாதவர்களுக்குத் தேசியப் பூங்காவில் என்ன வேலை?

"கிண்டி தேசியப் பூங்காவைப் போன்ற இடத்தில் காட்டுக்குள் சுற்றுகிற வனக்காவலர்கள்தாமே உண்மையில் வேலை செய்கிறார்கள்? அலுவலகத்தில் இத்தனை பேர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சிறுவர் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, நுழைவுச்சீட்டு வரிசையில் நின்று, பக்கத்துக் கட்டடத்தில் மின்விசிறிக்கு அடியில் யாரோ கோப்பு புரட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படிக் கோப்பு புரட்டியவன் நான். கிண்டியில் அல்ல, தமிழ்நாட்டிலுள்ள ஐந்து தேசியப் பூங்காக்களில் ஒன்றில், கணக்குப் பிரிவில். எந்தப் பூங்கா என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். இப்போது ஓய்வுபெற்று ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் பார்த்த சிறுவர் பூங்கா வேறு, அதையொட்டியுள்ள தேசியப் பூங்கா வேறு. சிறுவர் பூங்காவில் இருப்பவை கூண்டிலும் அடைப்பிலும் வாழும் விலங்குகள். அவற்றுக்கு வேளை தவறாமல் தீனி வைக்க வேண்டும், மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட வேண்டும். ஆளுநர் மாளிகைக்கும் ஐஐடிக்கும் நடுவே, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1978 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் காட்டிலோ வெளிமானுக்கும் புள்ளிமானுக்கும் யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. அங்கே செய்ய வேண்டியது வேறு: வெளிமான் மேயும் திறந்த புல்வெளியைச் சீமைக் கருவேலம் மூடிவிடாமல் காப்பது, மதில் இடிந்தால் நாய்கள் புகுமுன் அடைப்பது, கோடையில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பது. இவை ஒவ்வொன்றும் ஒரு வனக்காவலரின் கண்ணில் தொடங்கி ஓர் எழுத்தரின் மேசை வழியாகத்தான் நடந்தேறுகின்றன.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே வன உயிரினக் காப்பாளர். அவருக்குக் கீழே வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று களப்பணி வரிசை. அவர்களுக்குப் பக்கவாட்டில் கால்நடை மருத்துவர். சில இடங்களில் ஒப்பந்தத்தில் ஓர் உயிரியலாளர். இன்னொரு பக்கம் கண்காணிப்பாளர், உதவியாளர், இளநிலை உதவியாளர் அடங்கிய அமைச்சுப் பணியாளர்களாகிய நாங்கள். பத்தாண்டுகளுக்கான மேலாண்மைத் திட்டத்தை ஒட்டி ஆண்டுதோறும் ஒரு செயல் திட்டம் எழுதப்படும். மத்திய அரசின் பங்கும் மாநில அரசின் பங்கும் அதன்படியே வந்துசேரும். வந்த பணம் உரிய வேலைக்குத்தான் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். தீத்தடுப்புக் கோடு வெட்டும் கூலியாள் மார்ச் மாதத்தில் அரிவாளோடு காட்டுக்குள் நிற்கிறார் என்றால், அதற்கு முன்பே ஓர் எழுத்தர் அதற்கான கணக்குத் தலைப்பில் பணம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

அலுவலகத்துக்காரன் அலுவலகத்துக்கே பரிந்து பேசுகிறான் என்று சிலர் எழுதக்கூடும். அதனால் நான் செய்த தவற்றையே சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மே மாதம், கடும் வெயில். பூங்காவின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. விலங்குகளுக்கான ஐந்து தொட்டிகளுக்கும் வெளியிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கும்படி வனச்சரகர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். பதினெட்டு நாள் கழித்து, ஆறாயிரம் லிட்டர் லாரி இருபத்துமூன்று நடை ஓடியதாகச் செலவுச்சீட்டு என் மேசைக்கு வந்தது. முன் ஒப்புதல் இல்லை, விலைப்புள்ளி இல்லை. அதைவிட, எனக்குக் கணக்கே உதைத்தது. இருபத்துமூன்று நடைக்கு 1,38,000 லிட்டர்; ஐந்து தொட்டிகளின் கொள்ளளவோ மொத்தமே 10,000 லிட்டர்தான். பதினெட்டு நாளில் இவ்வளவையும் மான்கள் குடித்திருக்குமா என்று, சற்று ஏளனமாகவே, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். லாரிக்காரர் பழைய பணம் வராமல் இனி வண்டி எடுக்க முடியாது என்று நான்காம் நாள் நிறுத்திக்கொண்டார்.

அதற்கு மறுநாள் பிற்பகல் வனச்சரகர் என் மேசைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "சார், ஒரு மணி நேரம் வண்டியில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த அலுவலகத்தில் ஆறு ஆண்டு வேலை பார்த்திருந்த நான் அன்றுதான் முதன்முறையாக வாயிற்கதவைத் தாண்டிக் காட்டுக்குள் சென்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வது எனக்கு இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் தொட்டியருகே வயதான வனக்காவலர் ஒருவர், குடியிருப்புக் கிணற்றிலிருந்து குடங்களில் கொண்டுவந்த நீரை ஊற்றுவதற்கு முன், அடியில் பிடித்திருந்த பாசியைத் தேங்காய்நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் கலங்கிய பச்சை நீர் தேங்கியிருந்தது. இதையும் ஏன் கொட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "ஐயா, இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?" என்றார். பிறகு அவரே விளக்கினார். சில வாரங்களுக்கு முன் இரண்டு மான்கள் இறந்துகிடந்தனவாம். உடற்கூறாய்வு செய்த கால்நடை மருத்துவர், தேங்கிய நீரால் நோய் பரவக்கூடும் என்று ஐயப்பட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லாத் தொட்டிகளையும் வடித்துத் தேய்த்து மீண்டும் நிரப்பச் சொல்லியிருந்தாராம்.

திரும்பும் வழியில் ஜீப்பிலேயே கணக்குப் போட்டேன். பதினெட்டு நாளில் ஒன்பது முறை வடித்து நிரப்பினால் 90,000 லிட்டர். மீதி 48,000 லிட்டரை நாட்களுக்குப் பகிர்ந்தால் தொட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு லிட்டருக்குச் சற்று மேல், அதிலும் ஒரு பங்கு வெயிலில் ஆவியாகிவிடும். கணக்கு சரியாகவே இருந்தது. மருத்துவர் வனவரிடம் வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார், வனவர் அதை எங்கும் எழுதவில்லை, வனச்சரகர் செலவுச்சீட்டில் காரணத்தைக் குறிக்கவில்லை, நானோ தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நால்வருமே அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்ததாக நினைத்திருந்தோம். இருந்தும் ஒரு வாரத்தில் தொட்டி காய்ந்துபோகும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தோம்.

ஏற்கெனவே செய்துவிட்ட செலவுக்குப் பின்னர் ஒப்புதல் தரும் பின்னேற்பு ஆணைக்கான முன்மொழிவை அன்று மாலையே நானே எழுதினேன். மருத்துவர் அரைப் பக்கத்தில் சான்று தந்தார். லாரி மறுபடி ஓடியது. முன்மொழிவோடு ஒரு சிறு ஏற்பாட்டையும் இணைத்தேன்: ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பதிவேடு, வடித்த நாளும் நிரப்பிய நாளும் வனக்காவலர் கையெழுத்தோடு, மருத்துவர் சொல்வது எதுவானாலும் அதே ஏட்டில் அவர் கைப்பட. வேண்டாத எழுத்துவேலை என்று இதைக் கேலி செய்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த ஆண்டு தணிக்கைக்கு வந்தவர்கள் நான் கேட்ட அதே கேள்வியை அதே ஏளனத்தோடு கேட்டார்கள். பாசி தேய்த்த அந்தப் பெரியவரின் கோணல் கையெழுத்து அந்தத் தணிக்கைத் தடையை நீக்கியது. அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் மருத்துவர், வனச்சரகர், நான் மூவரும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவது வழக்கமானது. யாரும் ஆணையிட்டு நடந்ததன்று.

நீங்கள் அறியாத இன்னும் எத்தனையோ வேலைகள் உண்டு. புள்ளிமான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும். கீழே கிடக்கும் அந்தக் கொம்பு சட்டப்படி அரசின் சொத்து என்பதால், பொறுக்கி வருவது களப்பணியாளர் என்றால் எடைபோட்டு, எண்ணிட்டு, இருப்பேட்டில் ஏற்றுவதில் எங்கள் கையும் இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் கிண்டிக் காட்டில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது, அவற்றை விற்றால் எவ்வளவு பணம் வரும் என்று என் தெருவிலேயே பேசினார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, தேசியப் பூங்காவிலிருந்து எதையும் அகற்ற முறையான அனுமதி வேண்டும் என்கிறது. அப்படி அகற்றுவதையும் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பாதையில் கிடக்கும் மரத்தை அறுத்து ஓரமாகத் தள்ளுவதற்குக்கூடச் சட்டம் அறிந்து குறிப்பெழுத ஓர் ஆள் வேண்டாமா?

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம் கொண்டாடப்படும். எங்கள் அலுவலகத்தில் சிறந்த பணியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்குவோம். களத்தில் பாம்புக்கும் வெயிலுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு அது போவதில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை. பலமடங்கு குறைந்த கூலிக்கு அவர்கள் உழைப்பதைச் சம்பளப் பட்டியல் போட்டவன் என்ற முறையில் நான் அறிவேன். ஆனால் பரிசு பெறுவோர் பட்டியலைத் தட்டச்சு செய்த அம்மையாரின் பெயர், அவருடைய இருபத்தாறு ஆண்டுப் பணிக்காலத்தில் ஒருமுறைகூட அந்தப் பட்டியலில் வந்ததில்லை. ஓய்வுபெற்ற அன்று அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வைக்கான செலவுப் பட்டியலையும் அவரே தயாரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் வீட்டில் வணிகவியல் படித்துவிட்டு, காட்டின் மீது ஆசையும் வைத்திருக்கிற பிள்ளை யாரேனும் இருந்தால், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வெழுதி இளநிலை உதவியாளராக இந்தத் துறைக்கு வர வழி உண்டு. வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு வனக்காவலரிடம் கேட்டு, வாயிற்கதவைத் தாண்டி உள்ளே ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். நான் ஆறு ஆண்டு தாமதித்துவிட்டேன்.