மாஹிகோவை எழுப்புதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல் சால்வடோர் கால்பந்து வீரர் மாஹிகோ கோன்சாலஸ் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். என் மகனுக்குப் பதினைந்து வயது, பள்ளி அணியில் ஃபார்வர்டு. அவனும் அதைப் படித்துவிட்டு அவருடைய வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காலைப் பயிற்சிக்கு எழுப்பினால் ‘மாஹிகோவும் தூங்குவார்’ என்கிறான். ஒழுங்காக இருந்திருந்தால் பார்சிலோனாவில் மரடோனா பக்கத்தில் ஆடியிருக்க வேண்டியவர். ஊர் சுற்றியும் தூங்கியும் திறமையை வீணடித்தார். அவரை இப்படிக் கொண்டாடலாமா? மகனுக்கு நான் என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பையனை எழுப்புங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தாவது எழுப்புங்கள். பயிற்சிக்குப் போகாதவனுக்கு அணியில் இடம் கிடையாது. ஆனால் கெட்டிக்காரப் பையன் என்று தெரிகிறது. சாக்குச் சொல்வதற்குக்கூட நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான்.

சரி, அது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘வீணடித்தார்’ என்று நீங்கள் கொடுத்த தீர்ப்பு. கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். ஒருவரிடம் திறமை இருக்கிறது என்று தெரிந்தவுடன், ஊரில் இருக்கும் அத்தனை பேரும் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் மாதிரி வாசலில் வந்து நிற்கிறார்கள். நீங்களும் நிற்கிறீர்கள். அவர் உங்களிடம் என்ன வாங்கினார்?

‘ஒழுங்காக இருந்திருந்தால்’ என்கிறீர்கள். அந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1982 உலகக் கோப்பை முடிந்ததும் அவரை வாங்கியது ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் காதிஸ். அப்போது அது இரண்டாம் டிவிஷன் அணி. அவர் ஆடிய முதல் சீசனிலேயே முதல் டிவிஷனுக்கு ஏறியது. அவர் பயிற்சிக்கு வருவதில்லை, காலையில் எழுவதில்லை என்று அங்கே சண்டை மூண்டு, 1985 தொடக்கத்தில் வல்லாடொலிட் என்ற அணிக்குப் போனார். உள்நாட்டுக் குளிர் ஊர். அங்கே அவரைக் கண்காணிக்க ஏற்பாடு செய்தார்கள் என்று சொல்வார்கள். நீங்கள் கேட்கும் ஒழுங்கு இதுதானே? விளைவு, விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்டங்கள். பெயர் சொல்ல ஒன்றுமில்லை. 1986-ல் அதே காதிஸுக்குத் திரும்பினார். 1991 வரை அங்கே இருந்தார். அந்த வருடங்களில் காதிஸ் பலமுறை விளிம்புவரை போனது, ஒருமுறைகூட இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கவில்லை. அந்த ஊர் ரசிகனிடம் போய் ‘உங்கள் ஆள் திறமையை வீணடித்தார்’ என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு வறுத்த மீன் வாங்கிக் கொடுத்து அனுப்புவான்.

அவர் ஆடுவதைப் பையன் சரியாகப் பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். கோலை விடுங்கள். ஒரு தடுப்பாட்டக்காரர் எதிரே வருகிறார். மாஹிகோ பந்தைப் பாதத்தின் வெளிப்புறத்தால் ஒரு பக்கம் தள்ளுகிறார். எதிராளியின் எடை அந்தப் பக்கம் சாய்கிறது. பந்து இன்னும் காலைவிட்டுப் போகாத அந்த நொடியில், அதே பாதத்தின் உட்புறத்தால் மறுபக்கம் இழுத்துவிடுகிறார். அவர் ஊரில் இதற்கு ‘வெட்டுப்பட்ட குட்டிப் பாம்பு’ என்று பெயர். பந்து அப்படித்தான் துடிக்கிறது.

வீணானதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால் பேசுவோம். 1981 நவம்பர் 6, ஹோண்டுராஸின் தலைநகர் தெகுசிகல்பா, மெக்சிகோவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். மாஹிகோ ஆட்களைக் கடந்து போய் அடித்த பந்தைக் கோல்கீப்பர் தட்டிவிட, எவெர் எர்னாண்டஸ் அதை உள்ளே தள்ளினார். 1-0. மெக்சிகோ அந்த உலகக் கோப்பைக்குப் போகவில்லை, எல் சால்வடோர் போனது. நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர். சாலைகளில் பிணங்கள் கிடந்த காலம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்ட அணிக்கு நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 22 ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இருக்க, 20 பேரைத்தான் கூட்டிப் போனார்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்புதான் ஸ்பெயினுக்குப் போய் இறங்கினார்கள்.

1982 ஜூன் 15, எல்சே நகரில் ஹங்கேரி 10, எல் சால்வடோர் 1. உலகக் கோப்பையில் ஒரு அணி பத்து கோல் அடித்த ஒரே ஆட்டம் அதுதான். மாற்று ஆட்டக்காரராக வந்த லாஸ்லோ கிஷ் ஏழே நிமிடத்தில் மூன்று கோல் போட்டார். அந்த ஆட்டத்தின் பதிவை நான் இப்போதும் பார்க்கிறேன், ஸ்கோருக்காக அல்ல. 0-5 என்று பின்தங்கியிருந்தபோது ராமிரெஸ் சபாதா அந்த ஒரே கோலை அடித்துவிட்டு, ஜெயித்துவிட்டவரைப் போல ஓடுகிறார்! கொண்டாடாதே, அவர்களுக்குக் கோபம் வரும் என்று கூட ஆடியவர்கள் தடுத்ததாக ஒரு கதை உண்டு. மாஹிகோ அன்று கோல் அடிக்கவில்லை. ஆனால் பந்து காலுக்கு வரும்போதெல்லாம் ஆளைக் கடந்து போகிறார். அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகும் காதிஸ் அவரை வாங்கியது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் பெல்ஜியத்திடம் 0-1, உலக சாம்பியன் அர்ஜென்டினாவிடம் 0-2. பத்து வாங்கிய அணி செய்கிற காரியமா இது? அந்த அணிக்கு இரண்டு ஆட்டக்காரர்களையும் இன்னும் பத்து நாளையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். அதை விட்டுவிட்டு ஒருவருடைய தூக்கத்தை மணிக்கணக்கில் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஃபயர் அலாரம் கதைக்குள் நான் போகப் போவதில்லை. வாங்கலாமா என்று பார்க்க பார்சிலோனா அவரைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனபோது ஹோட்டலில் அலாரம் அடித்து எல்லோரும் வெளியே ஓடிவர, இவர் மட்டும் ஒரு பெண்ணோடு அறையிலேயே இருந்தார் என்பது கதை. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நாற்பது வயது தாண்டி, 1999 வரை, எல் சால்வடோரின் சாந்தா ஆனா நகர அணியான ஃபாஸுக்கு ஆடிய உடம்பைத் தூக்கம் எவ்வளவு கெடுத்திருக்கும் என்று மட்டும் யோசியுங்கள்.

அப்புறம், மரடோனா பக்கத்தில் ஆடியிருக்க வேண்டியவர் என்கிறீர்களே. பார்சிலோனாவோடு போன அந்த அமெரிக்கப் பயணம் 1984-ல். அதே கோடையில்தான் மரடோனாவையே பார்சிலோனா இத்தாலியின் நாப்போலி அணிக்கு விற்றுவிட்டது.

அன்புடன்.