காக்கட்டீல் கிளியின் எச்சத்தில் முழுத் தினை வருகிறதா?

வணக்கம். மூன்று நாளாக உங்கள் காக்கட்டீலின் எச்சத்தில் தினை முழுசாக வருகிறது, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'நன்றாகச் சாப்பிடுகிறது' என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். தின்றது செரிக்காமல் வந்தால் இரைப்பையிலோ அரைவைப்பையிலோ கோளாறு இருக்கலாம். பூஞ்சைத் தொற்று, போர்னா வைரஸ் இரண்டிலும் இப்படி வரும். பரிசோதிக்காமல் எதுவென்று சொல்ல முடியாது.

வெள்ளரி, பழம் தின்ற நாளில் எச்சம் நீர்த்துப் போவது சகஜம். எச்சத்தில் மலமான பச்சைப் பகுதி கெட்டியாக இருந்தால் அது பேதி அல்ல. முழுத் தினை அப்படியில்லை.

இன்றே சமையலறைத் தராசில் எடை பாருங்கள். தினமும் காலையில், தீனிக்கு முன். 90 கிராம் பறவைக்கு 9 கிராம் குறைந்தாலே ஆபத்து. நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். என் பறவைக்கு அது கத்தி முனைபோல் தட்டுப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இறகு அத்தனை மெலிவையும் மறைத்துவிட்டது.

கூண்டின் ஒரு பக்கம் மட்டும் கதகதப்பாக வையுங்கள். பால், மனித மாத்திரை வேண்டவே வேண்டாம். தட்டில் வெள்ளைத்தாள் விரித்து, புது எச்சத்தோடு நாளைக்கே பறவை பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடையை இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருப்பேன்.