மழையில் நனைந்த இரவு: நடுக்கம் நின்றால் ஏன் ஆபத்து?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் திடீரென்று முடிவு செய்து, ஒரு காட்டோரத்தில் டென்ட் போட்டு இரவு தங்கினோம். விடிய விடிய மழை. டென்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் நனைந்துவிட்டது. ஒருவன் வெடவெடவென்று நடுங்கினான். நள்ளிரவுக்கு மேல் நடுக்கம் நின்றது. ஆனால் பேச்சு குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து, கொஞ்சம் பிராந்தி கொடுத்து, ஒரு தட்டில் கரி மூட்டி டென்டுக்குள் வைத்தோம். காலையில் எல்லோருக்கும் தலைவலி. வெயில் வந்ததும் அவன் தேறிவிட்டான். குளிர் 15 டிகிரிதான். பனிப் பிரதேசம் இல்லையே, ஏன் இப்படி ஆனது? மறுபடியும் போக ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நடுக்கம் நின்றது என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவிலேயே மிக ஆபத்தான நேரம் அதுதான். உங்கள் நண்பருக்கு ஏற்பட்டது பெரும்பாலும் ஹைப்போதெர்மியா, அதாவது உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடுவது. நடுக்கம் என்பது தசைகள் வேலை செய்து வெப்பம் உண்டாக்கும் முயற்சி. உள்வெப்பம் 32 டிகிரியை நெருங்கும்போது அந்த முயற்சி ஓய்ந்துவிடும். உடம்பு சில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்று, பேச்சும் குழறினால், நிலைமை மோசமாகிறது என்று பொருள். அப்படிப்பட்டவரைத் தூங்க விட்டுவிடக் கூடாது.

15 டிகிரியில் இது எப்படி என்று கேட்கிறீர்கள். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். நனைந்த ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்கின்றன. மேலே காற்று, கீழே ஈரத் தரை. இரண்டும் சேர்ந்தால் 15 டிகிரியே போதும். சரியாகச் சாப்பிடாமல் நடந்து களைத்திருந்தால் நடுங்குவதற்குத் தேவையான சர்க்கரைகூட உடம்பில் இருக்காது. பிராந்தி தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உள்வெப்பம் வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். நடுக்கத்தையும் அது அடக்கிவிடும். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் இனி ஒருபோதும் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். பிறகு குதிகாலை மறு பாதத்தின் நுனியில் ஒட்டவைத்துப் பத்து அடி நேராக நடக்கச் சொல்லுங்கள். விரல் சேராமல் தடுமாறினாலோ, கால் பின்னினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ உடனே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் காற்றுப் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். அவருக்கு அடியில் ஏதாவது தடிமனாகப் போடுங்கள். பாய், காலிப் பைகள், கயிற்றுச் சுருள், எது கிடைத்தாலும் சரி. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் அடியில் ஈரத் தரை இருந்தால் பயனில்லை. ஈர உடையைக் கழற்றித் துடைத்து, உலர்ந்ததை மாட்டி, தலையையும் கழுத்தையும் மூடுங்கள். உலர்ந்த உடையே இல்லையென்றால் ஈர உடையைப் பிழிந்துவிட்டு, முகத்தை விட்டுவிட்டுப் பெரிய பிளாஸ்டிக் பையால் உடம்பைச் சுற்றுங்கள். காற்று படாமல் இருப்பதே பாதி வைத்தியம். வெந்நீர் பாட்டிலை சாக்ஸுக்குள் போட்டு அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். தோலில் நேரடியாக வைத்தால் மரத்துப்போன இடம் வெந்துவிடும், அவருக்குத் தெரியாது. கை கால்களைத் தேய்க்காதீர்கள்.

நடுங்கிக்கொண்டு தெளிவாகப் பேசுகிறாரா, கோப்பையைத் தானே பிடிக்கிறாரா? அப்படியானால் இனிப்பான சூடான பானமும் சாப்பாடும் கொடுத்து, அரை மணி நேரமாவது உட்கார்த்தி வைத்து, தேறிய பிறகு நடக்க விடுங்கள். பேச்சு குழறி, நடுக்கம் நின்றவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். படுத்த நிலையிலேயே வைத்து, அலுங்காமல் கையாளுங்கள். மிகக் குளிர்ந்த இதயம் சட்டென்ற அசைவில்கூடத் தாளம் தப்பக்கூடும். உடனே அவசர உதவியை அழையுங்கள். மூச்சும் நாடியும் மிக மெதுவாக இருக்கலாம், ஒரு நிமிடம் வரை பொறுமையாகப் பாருங்கள். மூச்சும் நாடியும் தென்படவே இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். குளிர்ந்து விறைத்தவரை இறந்துவிட்டார் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது, ஆறு பேருக்கும் ஒன்றாக வந்த தலைவலி. மூடிய டென்டுக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. அப்படியே தூக்கத்தில் உயிர் போய்விடும். தணலாகிப் புகை அடங்கிய கரியும் இந்த வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. கேஸ் அடுப்புக்கும் இதே விதிதான். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இந்த வாயுவையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 காட்டும், நம்பாதீர்கள். ஒரே டென்டில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால், மழை கொட்டினாலும் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு மருத்துவமனையில் ஆக்சிஜன் தேவைப்படலாம். உங்களில் யாருக்காவது தலைவலியோ மறதியோ இன்னும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மறுபடியும் தாராளமாகப் போங்கள். திடீர்ப் பயணம் என்றாலும், ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த உடையை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, படுக்கும்வரை பிரிக்காமல் வைத்திருங்கள். கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி, தொப்பி, இரண்டு ஜோடி சாக்ஸ்; பருத்தி வேண்டாம். டென்டுக்கு அடியில் விரித்த தார்ப்பாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பலர் செய்யும் தவறு அது. மேலே வழியும் தண்ணீரை அந்த ஓரம் ஏந்தி, நேராக டென்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தார்ப்பாயின் ஓரம் டென்டின் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளேயே மடிந்திருக்க வேண்டும். பள்ளத்திலும் ஓடைக் கரையிலும் தனி மரத்தடியிலும் டென்ட் போடாதீர்கள். இடி கேட்டால் டென்ட் பாதுகாப்பில்லை; காருக்குள் அல்லது கட்டிடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

படுக்குமுன் ஷூ சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்குகளைத் துடைத்து, இரவு முழுக்கப் பாதம் உலர்ந்திருக்கட்டும். வெளுத்துச் சுருங்கி மரத்துப்போன பாதத்தை நெருப்பில் காட்டாதீர்கள். மழையில் கலங்கிய ஓடைத் தண்ணீரைத் தெளியவைத்து, வடிகட்டி, தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க விட்டுக் குடியுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும், மூட்டையின் அடியில் அல்ல. அட்டை கடித்தால் விரல் நகத்தை அதன் வாய்க்கு அடியில் நுழைத்துத் தள்ளிவிடுங்கள். உப்பும் நெருப்பும் வேண்டாம். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் போதும்.

கடைசியாக, காய்ச்சல். தேங்கிய தண்ணீரில் கால் வைத்த பிறகு எலிக்காய்ச்சல் பொதுவாக 5 முதல் 14 நாட்களில் வரும். ஒரு மாதம் வரைகூட ஆகலாம். கெண்டைக்காலில் கடும் வலி, சிவந்த கண், மஞ்சள் நிறம், சிறுநீர் குறைவு ஆகியவற்றைக் கவனியுங்கள். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலில், அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கலாம். அது வலிக்காது, அதனால் கண்ணில் படாது. காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக்குகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும். ஆறு பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் “மழையில் காட்டோரம் தங்கினேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் அந்த மறைவிடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.