தலைப்பு எழுதத்தான் ஓவிய ஆசிரியையா?

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர். பிள்ளைகளின் கற்பனைத் திறனை வளர்க்கலாம் என்று, பல பாட ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும்படி ‘ஒளியும் நிழலும்’ என்றொரு செயல்திட்டம் போட்டேன். விடுமுறை முழுக்க உட்கார்ந்து நானே தயாரித்தது. கணித ஆசிரியர் ‘போர்ஷன் முடிக்கணும்’ என்று நழுவினார். மொழி ஆசிரியர் சரி என்றார், வரவில்லை. ஓவிய ஆசிரியை மட்டும் சார்ட்டுகளுக்குத் தலைப்பு எழுதித் தந்தார், அதுவும் முகம் கொடுக்காமல். பிள்ளைகளோ புத்தகத்தில் இருந்ததையே பார்த்து எழுதி ஒட்டிவிட்டார்கள். ஒத்துழைக்காதவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் பழசு. எழுதுகிறவர் மட்டும் உழைப்பார், மற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகள். கணித ஆசிரியரை விடுங்கள். அந்த ஓவிய ஆசிரியையிடம் வருவோம்.

நிழலைப் பற்றி ஒரு திட்டம் போடுகிறீர்கள். பள்ளியிலேயே நிழலை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவர் அவர். ஒரு பந்தை உருண்டையாகக் காட்ட எங்கே கருமை ஏற வேண்டும், எங்கே வெளிச்சம் தெறிக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். அவரிடம் போய்த் தலைப்பு எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்! முகம் கொடுக்கவில்லையாம். நானாக இருந்தால் எழுதியே தந்திருக்க மாட்டேன்.

கலிலியோ கதையை வகுப்பில் சொல்லியிருப்பீர்கள், பாதியை மட்டும். 1609-இல் அவர் தொலைநோக்கியில் நிலவைப் பார்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் பார்த்து வரைந்துவிட்டார். அவரும் பெரிய கணித அறிஞர்தான். ஒளியும் இருளும் சேரும் கோடு கோணல்மாணலாக இருந்ததைத் தாளில் அப்படியே வரைந்தார். அது என்னவென்று சொல்லவில்லை. கலிலியோ ஓவியம் பழகியவர். அந்தக் கருமையெல்லாம் மலைகளின் நிழல் என்று கண்டுகொண்டார். நிழல் தீட்டப் பழகிய கண்தான் அவருக்கு உதவியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இருட்டுப் பகுதிக்குள் தனியாக மின்னிய முகடுகள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தன என்பதை வைத்து, செங்கோண முக்கோணக் கணக்கில் மலையின் உயரத்தையும் கணக்கிட்டு, 1610-இல் புத்தகமாகப் போட்டார். ஓவியம், அறிவியல், கணக்கு, எழுத்து நாலும் அங்கே ஒன்றாக இருந்தன. உங்கள் பள்ளியிலும் நாலும் இருக்கின்றன, தனித்தனி அறைகளில்.

வீட்டில் ஒருவர் மட்டும் முடிவெடுத்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டு ‘நீ இதைத் தூக்கு, நீ அதைப் பிடி’ என்றால் அதற்குப் பெயர் குடும்பமா? வேலை நடக்கும், மனசு வராது. காலையிலிருந்து மாலை வரை பிள்ளைகளுக்கு நீங்கள்தான் வீட்டுப் பெரியவர்கள். ஓவியம் என்றால் ஒப்பனை வேலை என்று நீங்கள் நினைப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால்தான் பார்த்து எழுதி ஒட்டினார்கள். நீங்கள் கேட்டதும் அலங்காரம்தானே?

பின்லாந்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல பாடங்கள் சேர்ந்த ஒரு பகுதியைக் கட்டாயமாக்கியது. அதைத் திட்டமிடும்போது மாணவர்களையும் கேட்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் சக ஆசிரியர்களையே கேட்கவில்லை.

சரி, இனி என்ன? முதலில் ஓவிய ஆசிரியையிடம் மன்னிப்புக் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், ‘தப்பு பண்ணிட்டேன்’ என்றால் போதும். அவர் வகுப்பில் ஒரு பீரியட் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பென்சில் பிடித்து நீங்களும் ஒரு பந்து வரையுங்கள். அப்புறம், நிழலில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். திட்டம் அந்தத் தடுமாற்றத்திலிருந்து தொடங்கட்டும். விடுமுறையில் எழுதிய தாள்களைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் இருவருக்கும் வாரத்தில் ஒரே நேரத்தில் ஒரு ஓய்வுப் பீரியட். மதிப்பெண்ணையும் இருவரும் சேர்ந்தே போடுங்கள். கணித ஆசிரியரை அவசரமாக இழுக்க வேண்டாம். நிழலின் நீளத்தை அளக்கப் பிள்ளைகளே அவரிடம் போய் நிற்கும்போது, அவர் எப்படி நழுவுகிறார் என்று பார்ப்போம்.

அடுத்த முறை சார்ட்டுக்குத் தலைப்பை நீங்களே எழுதுங்கள். கோணலாக வந்தால் வரட்டும்.