அந்த 187-ஐ அழிச்சிடு தங்கச்சி

வணக்கம் அக்கா. கூடலூர் பக்கம் ஒரு பேரூராட்சி வார்டுல சுயேச்சையா நின்னு 23 ஓட்டுல தோத்துட்டேன். செக்‌ஷன் 17 நிலத்துல, அதாவது யாருக்கு உரிமைன்னு இன்னும் முடிவாகாத நிலத்துல இருக்குற வீடுகளுக்கு கரண்ட் வாங்கித் தர்றது கவுன்சிலர் கையில இல்லன்னு உண்மைய சொல்லித்தான் ஓட்டு கேட்டேன். ‘எனக்கு வாக்களித்த 187 நல்லுள்ளங்களுக்கு நன்றி’ன்னு ஃப்ளெக்ஸ் வைக்கலாமா, வாசகத்த கொஞ்சம் பாத்து சொல்லுங்க. வாக்காளர் லிஸ்ட்ல டிக் போட்டு பாத்தா எங்க லயத்துலயே, எஸ்டேட் லைன் வீட்டுலயே, நாலு வீடு ஏமாத்தியிருக்கு. மெஷின் மேலயும் சந்தேகம். அடுத்த தடவ கட்சில சேந்துரவா?

தங்கச்சி,

ஓட்டு எண்ணுன 22ஆம் தேதி ராத்திரில இருந்து நீ தூங்கியிருக்க மாட்டேன்னு கடிதத்த பாத்தாலே தெரியுது, மொதல்ல ஒழுங்கா சாப்பிடு. மெஷின் பேச்ச விடு. கட்சி உன் இஷ்டம். அந்த செக்‌ஷன் 17 வர்ற 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்துல இருந்து இழுத்துட்டு கெடக்குற சிக்கல, நான் வந்தா மூணே மாசத்துல முடிக்கிறேன்னு சொல்லாம இருந்த பாரு, அதுக்கே உன் கைய புடிச்சுக்கணும் போல இருக்கு.

ஆனா அந்த டிக். அத படிச்சதும் எனக்கு கோவம் வந்துருச்சு. நாலு வீடு ஏமாத்திருச்சுன்னு எப்படிடி சொல்ற? பொட்டிக்குள்ள எட்டிப் பாத்தியா? உங்க வீட்ல சாயத்தண்ணி, பால் விடாத டீ குடிச்சாங்க, தலைய ஆட்டுனாங்க, அதுக்காக ஓட்ட எழுதிக் குடுத்துட்டாங்களா?

எங்கப்பாவும் இதே வேலைய பாத்தவர்தான். 1996 அக்டோபர், பத்து வருஷம் கழிச்சு உள்ளாட்சித் தேர்தல் வந்துச்சு. கோத்தகிரி பக்கம் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டிட்டு இருந்தவரு ஊராட்சி வார்டுக்கு நின்னு தோத்துட்டாரு. வெளிய விடாத மழை, அப்பா அடுப்படில உக்காந்து லிஸ்ட்ல பென்சிலால டிக் போட்டுகிட்டு, இவன் போடல, இவ புருஷன் போட்டிருப்பான் இவ போடலன்னு முணுமுணுத்துட்டே இருக்காரு. அப்பாயி கொஞ்ச நேரம் பாத்துட்டு எந்திரிச்சு வந்து லிஸ்ட புடுங்கி அடுப்புல வச்சுருச்சு.

அப்பாயிக்கு ஓட்டுன்னா என்னன்னு தெரியணும் உனக்கு. நீயும் சிலோன்ல இருந்து வந்த குடும்பம்னு எழுதியிருந்தா நான் இத சொல்லியிருக்கவே வேணாம். 1947ல சிலோன்ல, நுவரெலியா தொகுதியில தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் ஜெயிச்சாரே, அந்த தேர்தல்ல 22 வயசுல மொத ஓட்டு போட்டுச்சு. அவரோட சிலோன் இந்தியன் காங்கிரசுக்கு சீட்டு கெடச்ச தேர்தல் அது. மறுவருஷமே குடியுரிமைச் சட்டம் வந்துச்சு, 1949ல ஓட்டும் போச்சு, தோட்டத்து சனம் லட்சக்கணக்குல ஒரே எழுத்துல நாடில்லாதவங்களா ஆயிட்டாங்க. அப்புறம் 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம், இத்தன பேர் இங்க இத்தன பேர் அங்கன்னு ஆட்ட பங்கு போட்ட மாதிரி போட்டு, 1974ல தலைமன்னார்ல கப்பல் ஏறி மண்டபம் கேம்ப் வழியா மலைக்கு வந்து சேந்தாங்க. திரும்ப விரல்ல மை வச்சது 1977ல. 30 வருஷம். நடுவுல அதுகிட்ட யாரும் ஓட்டு கேட்டு வந்ததே இல்ல, கேக்குறதுக்கு இருந்தாத்தானே.

லிஸ்ட்டு எரியும்போது அப்பாகிட்ட சொன்னுச்சு: “கேக்குறது உன் பாடு, போடுறது அவங்க பாடு. போட்டியான்னு கணக்கு பாக்குறவன் கங்காணிடா.”

கங்காணின்னா தோட்டத்துல ஆளுங்கள மேய்ச்சு கணக்கு பாத்தவன். அந்த வார்த்தைக்கு அப்பா ஆடிப்போயிட்டாரு. மறுநாள் மழையோட கெளம்புனாரு, கொடை புடிக்க என்னையும் கூட்டிட்டு போனாரு, எனக்கு பத்து வயசு. ஒரு வீடு விடல. எதிராளிக்கு ராப்பகலா வேலை செஞ்சவர் வீட்டு வாசல்ல நின்னு “நம்ம ஏரியா தேர்தல் நல்லபடியா முடிஞ்சுச்சு, வந்து ஓட்டு போட்டதுக்கு நன்றிங்க”ன்னாரு. யாருக்கு போட்டீங்கன்னு வாய் தவறி கூட வரல. அந்தம்மா ஒண்ணும் பேசல, உள்ள போய் துண்டு எடுத்துட்டு வந்து என் தலைய தொடச்சு விட்டாங்க.

இப்ப உன் 187க்கு வரேன். எனக்கு வாக்களித்த 187 பேருக்கு நன்றின்னு ரோட்டு மேல எழுதி வச்சா மீதி பேரு அத எப்படி படிப்பாங்க? ஒரே பூத் இருக்குற சின்ன வார்டு, யாரு எந்தப் பக்கம்னு எல்லாரும் ஏற்கனவே ஊகம் பண்ணிட்டு இருக்காங்க, நீ அதுக்கு கோடு போட்டு குடுக்குற. தயங்கித் தயங்கி உனக்கு போட்ட ஒருத்தி, ஜெயிச்சவங்க வீட்டுக்கு பக்கத்துலயே குடியிருப்பா, அவள நெனச்சியா? அந்த நாலு வீட்ல ரெண்டு உனக்கே போட்டிருக்கலாம், தெரியுமா உனக்கு? தெரியாது. தெரியவும் கூடாது, அதுக்குத்தான் மறைப்பு கட்டி பட்டன அமுக்க சொல்றாங்க.

ஃப்ளெக்ஸ் வேணாம். லிஸ்ட அடுப்புல வை. வர்ற ஞாயித்துக்கிழமை கொழுந்து எடுக்க மாட்டாங்க, லயத்துல ஆளுங்க இருப்பாங்க, அன்னைக்கு போ. அந்த நாலு வீட்டுக்கும் போ, ஜெயிச்ச அக்கா வீட்டுக்கும் போ. தனியா போக தயக்கமா இருந்தா சொல்லு, சனிக்கிழமை சாயங்காலமே ஊட்டி வந்து கூடலூர் பஸ் புடிச்சுடறேன். பனி இன்னும் விடல, எனக்கும் ஒரு கம்பளி எடுத்து வை.