மகள் பறக்கப் போகிறாளாம், விடலாமுங்களா?

கேள்வி: மகள் துருக்கியில், இஸ்மிர் நகரில் படிக்கிறாள். இந்தச் சனி, ஞாயிறு தோழிகளோடு பாமுக்கலே போய், இடிந்த ஊரைப் பார்த்துவிட்டு பாராகிளைடிங்கும் (துணி இறக்கையில் தொங்கிப் பறப்பது) போகப் போகிறாளாம். விடலாமுங்களா?
– ஒரு தாய், பெருந்துறை.

பதில்: விடுங்க அம்மிணி. (சென்னிமலை 1,320 படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும் ஆள் சொல்கிறேன்!) அங்கே அவள் தனியாகப் பறப்பதில்லை. ஒரே இறக்கையில் இரண்டு பேர். பின்னால் இருக்கும் பைலட் கையில்தான் கயிறு. இவள் செய்ய வேண்டியது, சரிவில் நிற்காமல் ஓடுவது. பயந்துபோய் நடுவில் உட்கார்ந்தால் முழங்கால் சிராய்க்கும். காற்று கூடினால் ரத்து செய்வார்கள். அன்றைக்கு அடம்பிடிக்கக் கூடாது. மாணவர் காப்பீடு பலவற்றில் சாகச விளையாட்டு சேராது. பாலிசியை இன்றைக்கே எடுத்துப் படிக்கச் சொல்லுங்க.

அந்த இடிந்த ஊர் ஹியராபோலிஸ். 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரோமானியர் காலத்துக் கல் அரங்கம் இன்னும் நிற்கிறது. கீழே வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக இருப்பது பனியல்ல. வெந்நீர் ஊற்றின் சுண்ணாம்பு. நம் வெந்நீர் அண்டாவில் உள்ளே வெள்ளையாகப் படியுமே, அதேதான்! அதன்மேல் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு பை இருக்கட்டும்.

இந்தியாவின் பெரில் என்ற மணிக்கல் என்றால் ரோமானியருக்குக் கொள்ளை ஆசை. நம்ம படியூரில் கிடைத்த கல் அது. நொய்யல் கரையில், கொடுமணல் என்ற பழைய ஊரில், அந்தக் காலத்தில் கல்மணி செய்த பட்டறைத் தடயங்கள் இருக்கின்றன. லீவுக்கு வந்ததும் அங்கேயும் ஒரு நடை கூட்டிப்போங்க.